14 அடி அலுமினிய போட்ல டெக் போட்டதுக்கு அப்புறம் தண்ணி ஏறுது, வெள்ளைப் பவுடர் வேற கொட்டுது, உதவி வேணும்

கேள்வி

வணக்கம் எல்லாருக்கும். என்கிட்ட ஒரு 14 அடி அலுமினிய போட் இருக்கு, வெல்டிங் இல்ல, ரிவெட் (தகடுகளை ஓட்டை வழியா கோத்துச் சேர்க்கிற ஆணி) அடிச்சது, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். ஏரித் தண்ணில மட்டும்தான் ஓட்டுறேன், பின்னாடி 15 எச்பி பெட்ரோல் இன்ஜின். நின்னுக்கிட்டு தூண்டில் வீசணும்னு ரொம்ப நாள் ஆசை, அதனால போன சீசனுக்கு முன்னாடி நானே உக்காந்து வேலை பார்த்து முன்பக்கம் உயரமா ஒரு டெக் போட்டேன், நடுப்பகுதிய காலி பண்ணி சமமா தரை போட்டேன், மூக்குல 12 வோல்ட் எலக்ட்ரிக் மோட்டார், தண்ணிக்குள்ள மீன் எங்க இருக்குன்னு ஸ்க்ரீன்ல காட்டுற ஃபிஷ் ஃபைண்டர், டெக்குக்கு அடியில மீனை உயிரோட வைக்க 60 லிட்டர் தொட்டி. பலகை அழுகக்கூடாதுன்னு பூச்சி மருந்து ஏத்தி பதப்படுத்தின, லேசா பச்சையா இருக்குமே அந்த மரச் சட்டமும் 18 மிமீ பிளைவுட்டும் போட்டு மேல கார்பெட் ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகா வந்துச்சு.

முதல் சில மாசம் ஒண்ணும் இல்ல. இப்போ என்னன்னா ஒரு மணி நேரம் ஓட்டினா தரைக்கு அடியில ரெண்டு மூணு லிட்டர் தண்ணி சேருது. கரையில கட்டி சும்மா வச்சா அவ்வளவு ஏறல, ஓடும்போதுதான் ஏறுது. சந்தேகப்பட்ட ரிவெட் மேல எல்லாம் உள்பக்கமா சிலிக்கான் தடவிப் பார்த்தேன், பத்து நாள் கூட தாங்கல. போன வாரம் டெக்கோட ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தா மரச் சட்டம் உக்காந்திருக்கிற இடத்துல அலுமினியம் மேல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கு, அதைச் சுரண்டினா அடியில சின்னச் சின்னக் குழி. அப்புறம் எலக்ட்ரிக் மோட்டாரை ஃபுல் ஸ்பீடு வச்சா ஃபிஷ் ஃபைண்டர் ஆஃப் ஆகி ஆன் ஆகுது. மூணும் தனித்தனிப் பிரச்சனையா, இல்ல ஏதாவது ஒண்ணுதான் காரணமா? பையனைக் கூட்டிட்டுப் போறேன், அதனால பயமா இருக்கு.

பதில் 1

தம்பி, மத்ததுக்கு அப்புறம் வரேன், முதல்ல ஒரு கேள்வி. "நடுப்பகுதிய காலி பண்ணி"ன்னு எழுதியிருக்கீங்களே, அங்க குறுக்க ஒரு பெஞ்ச் இருந்துச்சா? இருந்துச்சுன்னா அதை அறுத்து எடுத்துட்டீங்களா, அதுக்குள்ள ஃபோம் ஏதாவது இருந்துச்சா?

கேட்டவர்

ஆமா அண்ணா, மூணு பெஞ்ச் இருந்துச்சு, நடு பெஞ்சை ரிவெட் தலைய டிரில் பண்ணி மொத்தமா எடுத்துட்டேன். முன் பெஞ்சோட மேல்தகட்டையும் தொட்டிக்காக வெட்டினேன். ரெண்டுலயும் வெள்ளை ஃபோம் இருந்துச்சு, தண்ணி குடிச்சு கல்லு மாதிரி கனமா இருந்ததால தூக்கிப் போட்டுட்டேன். புதுசா ஒண்ணும் வைக்கல.

பதில் 1

சரி, அப்போ முதல்ல இதைச் செய்யுங்க: வேலை முடியற வரைக்கும் பையனை மட்டும் இல்ல, நீங்களும் ஏறாதீங்க. திட்டுறதுக்காகச் சொல்லல தம்பி, நானும் இதே மாதிரி ஒரு போட்டைத் திருப்பிச் சரி பண்ணினவன்தான்.

அந்த பெஞ்ச் உக்கார்றதுக்கு மட்டும் வச்சது இல்ல. ரெண்டு பக்கச் சுவரையும் பிடிச்சு நிறுத்துறதே அதுதான். நடுத்தட்டி இருக்கிற அட்டைப்பெட்டிய அழுத்திப் பாருங்க, அப்புறம் தட்டிய உருவிட்டு அழுத்திப் பாருங்க, அதே கதை. இந்த சைஸ் போட்டோட தகடு பெரும்பாலும் ரெண்டு மிமீக்குள்ளதான் இருக்கும், பெஞ்சை எடுத்துட்டா அலை அடிக்கும்போதெல்லாம் பக்கம் உள்ள போகும் வெளிய வரும், அடித்தகடும் கூடவே நெளியும், அந்த நெளிவுல ரிவெட் ஓட்டை கொஞ்சம் கொஞ்சமா பெருசாகி ரிவெட் ஆட ஆரம்பிக்கும். கட்டி வச்சா ஏறல ஓடும்போது ஏறுதுன்னீங்களே, அதுலயே விடை இருக்கு. நெளியற தகடு மேல நீங்க எதைத் தடவினாலும் பிச்சுக்கிட்டு வரும்.

ரெண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பெஞ்சுக்குள்ள இருந்த ஃபோம்தான் போட் கவுந்தாலோ தண்ணி நிறைஞ்சாலோ மூழ்காம மிதக்க வைக்கிற ஒரே பொருள். அலுமினியம் தண்ணிய விட 2.7 மடங்கு கனம், தானா மிதக்காது. இப்போ உங்க போட்ல தண்ணி நிறைஞ்சா இன்ஜினோட சேர்ந்து அப்படியே அடிக்குப் போயிடும், பிடிச்சுத் தொங்கக்கூட ஒண்ணும் இருக்காது. லீக்கை விட எனக்கு இதுதான் பயம்.

வெள்ளைப் பவுடரும் மரமும் பத்தி ராத்திரி எழுதறேன்.

பதில் 2

பவுடர் பத்தி நான் சொல்றேன். அந்தப் பச்சை நிறமே செம்புதான். பதப்படுத்தின மரத்துல ஏத்துற மருந்துல செம்பு உப்பு இருக்கும், மரம் நனையும்போது அது கசிஞ்சு அலுமினியத்துல படும். செம்பும் அலுமினியமும் ஈரத்தோட சேர்ந்து இருந்தா ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆயிடும், அதுல கரையறது எப்பவும் அலுமினியம்தான். வெள்ளை மாவு உங்க போட்டோட தகடுதான் ப்ரோ, கரைஞ்சு வெளிய வந்திருக்கு. மேல கார்பெட் வேற, அது ஈரத்தைக் காய விடாது, அடியில எப்பவும் ஊறிக்கிட்டே இருக்கும். செம்புக் காசு ஒண்ணு அடியில விழுந்து தண்ணில கிடந்தாலே தகட்டை ஓட்டை போட்டுரும்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, அது உண்மைதான். போட் அடியில பாசி பிடிக்காம இருக்க செம்பு கலந்த பெயின்ட் விப்பாங்க, அதையும் அலுமினியத்துல அடிச்சுடாதீங்க.

அந்த மரத்தை ஒரு துண்டு விடாம வெளிய எடுங்க. நடுவுல ரப்பர் வச்சுக்கலாமான்னு கேட்பீங்க, வேணாம், ஸ்க்ரூ வழியா இறங்கும்.

இன்னொண்ணு, வயரிங் எப்படிப் போட்டிருக்கீங்க? நெகட்டிவ் எங்க போகுது?

கேட்டவர்

பேட்டரி பின்னாடி இருக்கு, அங்க இருந்து மூக்குல இருக்கிற மோட்டாருக்கு 4 சதுர மிமீ வயர் ரெண்டு ஓடுது, கிட்டத்தட்ட 4 மீட்டர். ஃபிஷ் ஃபைண்டரை மோட்டார் கிட்டயே அந்த வயர்ல இருந்து எடுத்தேன். முன்னாடி லைட்டுக்கு மட்டும் பைக்ல இருக்கிற மாதிரி நெகட்டிவை பாடிலயே போல்ட் பண்ணிட்டேன், பின்னாடி பேட்டரி நெகட்டிவ்ல இருந்து ஒரு வயர் பாடிக்குக் கொடுத்திருக்கேன். ஃபியூஸ் லைட்டுக்கு மட்டும் இருக்கு.

பதில் 2

பாடில நெகட்டிவ் கொடுத்ததை இன்னைக்கே கழட்டுங்க ப்ரோ. பைக் தரையில ஓடுது, போட் தண்ணில நிக்குது. அலுமினிய உடம்பு வழியா கரண்ட் போனா அது தண்ணி வழியாவும் வழி தேடும், அப்படிப் போற இடத்துல தகடு கரையும், சாதாரண துருவை விட ரொம்ப வேகமா. எந்த சாமானா இருந்தாலும் பாசிட்டிவ் ஒண்ணு நெகட்டிவ் ஒண்ணுன்னு ரெண்டு வயரும் பேட்டரி வரைக்கும் போகணும், பாடிய வயரா பாவிக்கவே கூடாது.

ஸ்க்ரீன் அணையறதுக்கு காரணம் கணக்குலயே வருது. அந்த மாதிரி மோட்டார் ஃபுல்லா ஓடும்போது 50 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். 4 சதுர மிமீ செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 4.3 மில்லி ஓம், போக வர 8 மீட்டர்னா 34 மில்லி ஓம், 50 ஆம்பியர்ல 1.7 வோல்ட் வயர்லயே போயிடுது. பேட்டரில 12.3 இருந்தா மூக்குல 10.6 தான் வரும், பேட்டரி வேற லோடுல இறங்கும். ஃபிஷ் ஃபைண்டர் அணையாம என்ன பண்ணும். அதை விட மோசம், அந்த வயர் சூடாகும், அதுக்கு ஃபியூஸும் இல்ல, பக்கத்துல பெட்ரோல் டேங்க். 16 சதுர மிமீ போட்டா இழப்பு அரை வோல்ட்டுக்குக் கீழ வந்துரும். வெள்ளீயம் பூசின செம்பு வயர் கிடைச்சா அதையே வாங்குங்க, சாதாரண வயர் ஈரத்துல உள்ள கறுத்துப் போகும். 60 ஆம்பியர் பிரேக்கர் ஒண்ணு பேட்டரிய ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள்ள. ஃபிஷ் ஃபைண்டருக்கு தனி வயர், தனி சின்ன ஃபியூஸ், நேரா பேட்டரில இருந்து.

பதில் 1

ராத்திரி எழுதறேன்னு சொன்னேன், பாதிய பதில் 2 எழுதின தம்பி சொல்லிட்டாரு, சந்தோஷம். மீதி இது.

எல்லாத்தையும் கழட்டின பிறகு போட்டை டிரெய்லர்லயே வச்சு, வெளிப்பக்கம் நல்லா துடைச்சுக் காய வச்சு, உள்ள தண்ணி ஊத்துங்க. வெளிய எங்க சொட்டுதோ அங்க மார்க்கர்ல வட்டம் போடுங்க. நிறைய ஊத்தாதீங்க, 10 செமீ ஊத்தினாலே 300, 400 கிலோ வந்துரும், டிரெய்லர் தாங்குற இடம் நாலஞ்சுதான், தகடு அங்க வளைஞ்சுடும். கீல் (போட் அடியில நடுவுல நீளமா ஓடுற முதுகெலும்பு) ஓரம் வரைக்கும் ஒரு நாலு விரக்கடை போதும்.

சொட்டுற ரிவெட்டை முதல்ல இறுக்கிப் பாருங்க. வெளிய தலைமேல கனமான இரும்புக் கட்டிய ஒருத்தர் அழுத்திப் பிடிக்கணும், உள்ள இருந்து இன்னொருத்தர் வாலைச் சுத்தியால தட்டணும், ரெண்டு பேர் இல்லாம ஆகாது. ஓட்டை பெருசாயிருந்தா டிரில் பண்ணி எடுத்துட்டு ஒரு சைஸ் பெரிய அலுமினிய ரிவெட், பாலியூரித்தேன் மரைன் சீலன்ட்ல முக்கி அடிங்க. ஒரு பக்கம் இருந்தே கருவியால இழுத்து அடிக்கிற பாப் ரிவெட்தான் அடிப்பேன்னா தண்ணி மட்டத்துக்குக் கீழ வாய் மூடின வகை மட்டும், சாதாரணதுல நடு ஓட்டை வழியாவே தண்ணி வரும். அந்த சிலிக்கானை மட்டும் முழுசா சுரண்டி எடுக்கணும், அது இருந்த இடத்துல சீலன்ட்டும் ஒட்டாது பெயின்ட்டும் ஒட்டாது. சுரண்ட இரும்பு பிரஷ் வேணாம், இரும்புத் தூள் தகட்டுல பதிஞ்சு அங்க மறுபடி குழி விழும், நைலான் பேட் போதும்.

குழி விழுந்த இடத்தை நல்லா தேச்சு, ஒரு ஊசியால அழுத்திப் பாருங்க. ஊசி இறங்கலன்னா எபாக்ஸி (ரெண்டு பொருளைக் கலந்தா கல்லு மாதிரி இறுகுற பசை) நிரப்பி விட்டுடலாம். இறங்கிச்சுன்னா உள்பக்கமா அதே வகை அலுமினியத் தகடு ஒட்டு போட்டு ரிவெட் அடிக்கணும்.

நடு பெஞ்ச் மறுபடி வரணும், இதுல மாற்றே இல்ல. பழைய உயரத்துல வேணாம்னா தாழ்வா ஒரு பெட்டி மாதிரி செய்யுங்க, ஆனா அது ஒரு பக்கச் சுவர்ல இருந்து இன்னொரு பக்கச் சுவர் வரைக்கும் போய் ரெண்டுலயும் ரிவெட் ஆகியிருக்கணும், அதோட மேல் விளிம்புக்குக் கீழ பக்கச் சுவர்ல விலா மாதிரி 3 மிமீ ஆங்கிள் (L வடிவ அலுமினியப் பட்டை) கொடுங்க. டெக்கும் இவ்வளவு உயரமா வேணாம், ஒரு சாண் இறக்குங்க. 60 லிட்டர் தண்ணி, எலக்ட்ரிக் மோட்டார், மேல நிக்குற ஆள்னு எல்லா கனமும் மூக்குல ஏத்தியிருக்கீங்க, தொட்டிய நடு பெஞ்சை ஒட்டித் தரையில வைங்க.

பதில் 3

ஃபோம் பத்தி ஒரு வார்த்தை. ஊத்தினா பொங்கி வருமே அந்த ஃபோமை ஊத்திடலாம்னு நிறைய பேர் சொல்லுவாங்க, எல்லா மூலையும் நிறையும், வேலையும் சுலபம். நான் ஒத்துக்க மாட்டேன். அது தகட்டோட ஒட்டிக்கும், வருஷக்கணக்குல ஈரம் குடிக்கும், அப்புறம் ரிவெட் பார்க்கணும்னா வெட்டித்தான் எடுக்கணும். கட்டிட இன்சுலேஷனுக்கு வர்ற அழுத்தின பாலிஸ்டைரீன் தாள் வைங்க, உருண்டை உருண்டையா உதிரும் தெர்மாகோல் இல்ல. பெட்ரோல் பட்டா ரெண்டுமே கரையும், அதனால டேங்க் பக்கத்துல கனமான பிளாஸ்டிக் உறை போட்டு வைங்க.

கணக்கு இப்படி: போட் 95 கிலோன்னா தண்ணிக்குள்ள 60 கிலோ எடை காட்டும், இன்ஜினுக்கு 30, பேட்டரிக்கு 14, மோட்டார் ஆங்கர் டூல்ஸ் எல்லாம் சேர்த்து 16, ஆக 120. ஒரு லிட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கும். ஆளுங்க பிடிச்சுத் தொங்கறதுக்கும் சேர்த்து 180 லிட்டர் வைங்க. 120க்கு 60 செமீ, 5 செமீ தடிமன் தாள் ஒண்ணு 36 லிட்டர், அஞ்சு தாள் ஆச்சு. எல்லாத்தையும் தரைக்கு அடியில திணிச்சா போட் கவுந்துதான் மிதக்கும், அதனால பாதிக்கு மேல பக்கச் சுவரோட மேல் ஓரத்துலயும் பின்னாடி இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் போகணும். தரைக்கு அடியில வைக்கிறது தகட்டைத் தொடாம, தண்ணி பின்னாடி ஓடி வர வழி விட்டு.

கேட்டவர்

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன். எல்லாம் கழட்டியாச்சு. தண்ணி ஊத்திப் பார்த்ததுல 11 ரிவெட் சொட்டுச்சு, அதுல 8 நடு பெஞ்ச் இருந்த இடத்துக்கு நேர் கீழ, அண்ணா சொன்னது அப்படியே. ஏழு தட்டினதுலயே நின்னுடுச்சு, நாலு மாத்தினேன். குழில ஒரே ஒரு இடத்துல ஊசி இறங்குச்சு, ஒட்டு போட்டாச்சு. நடுவுல அலுமினியப் பெட்டி செஞ்சு ரிவெட் அடிச்ச பிறகு பக்கச் சுவரைப் பிடிச்சு ஆட்டினா அசையவே இல்ல, முன்னாடி எவ்வளவு ஆடிச்சுன்னு இப்பத்தான் புரியுது. டெக்குக்கு 12 மிமீ மரைன் பிளை வாங்கவா, 3 மிமீ அலுமினியத் தகடா?

பதில் 1

எடை ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சதுர மீட்டருக்கு 8 கிலோ. நாங்க எல்லாம் பிளைதான் போடுவோம், காலுக்குச் சூடு தெரியாது. ஆனா ஓரமும் ஸ்க்ரூ ஓட்டையும் சேர்த்து மூணு கோட் எபாக்ஸி, கார்பெட் வேணவே வேணாம், ஈரம் பிடிக்காத மேட் ஒட்டுங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ அலுமினியத்தைத் தொடுற இடத்துல நைலான் வாஷர்.

டெக்கை மூடுறதுக்கு முன்னாடி இடுப்பளவு தண்ணில ஒரு தடவை முழுக்கப் பார்த்துடுங்க. இன்ஜினையும் பேட்டரியையும் கழட்டிட்டு, தண்ணிக்குள்ள அதுங்க காட்டுற எடைக்கு இரும்பு கட்டி வச்சு, போட்ல தண்ணிய நிரப்புங்க. ரெண்டு விளிம்பும் தண்ணி மட்டத்துல சமமா நின்னா பையனைக் கூட்டிட்டுப் போகலாம், ஒரு பக்கம் சாஞ்சா அந்தப் பக்கம் மேல இன்னும் ஒரு தாள்.

கேட்டவர்

நேத்து பார்த்துட்டேன் அண்ணா. பின்பக்கம் நாலு விரல் இறங்குச்சு, இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் அரைத் தாள் கூட வச்ச பிறகு சமமா நின்னுடுச்சு. நான் விளிம்பைப் பிடிச்சுத் தொங்கியும் பார்த்தேன், தாங்குது.