சோலார் பண்ணைக்குக் கருத்துக் கேட்டார்கள்: உங்கள் ஊரில் யாரைக் கேட்டார்கள்?

வார்டு உறுப்பினர், வெண்ணாற்றுக் கடைமடை:

எங்கள் ஊர் கடைமடை, ஆற்றுப் பாசனத்தின் கடைசி. மேட்டூரில் ஜூன் 12 அன்றே தண்ணீர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் கால் நனைய இன்னும் பல நாள் ஆகும். ஆனால் மழைக்காலத்தில் மேலே உள்ள ஊர்களின் தண்ணீர் எல்லாம் எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போகும். இதைச் சொல்லிவிட்டுத் தொடங்கினால்தான் மற்றது புரியும்.

சித்திரை மாதத்தில் வரப்பில் மூன்று கால் கருவியை வைத்து இரண்டு பேர் அளந்தார்கள். உடனே தெருவில் கேட்ட முதல் கேள்வி, “மீத்தேனா?” எங்கள் பக்கத்தில் இது இயல்பு. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017ல் எப்படி இருந்தன என்று பார்த்தவர்கள் நாங்கள். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்தது மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தின் நடுவில்தான். அதனால் யார் அளந்தாலும் வயிற்றில் ஒரு பயம் வரும். பிறகுதான் தெரிந்தது, ஒரு தனியார் நிறுவனம் பத்து மெகாவாட் சோலார் பண்ணை போடப் போகிறது என்று. ஒரு மெகாவாட்டுக்கு நாலு, ஐந்து ஏக்கர் என்று வைத்தால் நாற்பது, ஐம்பது ஏக்கர், எங்கள் கணக்கில் கிட்டத்தட்ட ஏழு வேலி. ஊருக்குக் கீழண்டைப் பக்கம், ஒரே தாக்காக, தொடர்ந்த வயல்களாக.

சோலார் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நிலக்கரியும் மீத்தேனும் வேண்டாம் என்று கொடி பிடித்த நாம், மின்சாரம் எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கமுதியில் 2016லேயே 648 மெகாவாட் நிலையம் வந்துவிட்டது. ஆனால் அது ராமநாதபுரத்து வானம் பார்த்த பூமி. இங்கே ஒவ்வொரு வயலும் அடுத்த வயலுக்கு வாய்க்காலும் வடிகாலுமாக இருக்கிறது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஊராட்சி மன்றக் கட்டிடத்தில், காலை பதினோரு மணிக்கு. நடவுக்கோ களைக்கோ போகிறவர்கள் வர முடியாத நேரம். அன்று வயலில் வேலை இல்லாததால் பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் நாற்காலிகள், அதில் பட்டாதாரர்கள். மற்றவர்கள் பின்னால் தரையில், வாசற்படியில், வெளியே புங்க மரத்தடியில். சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ் மாட்டியிருந்தார்கள். பச்சைத் தரையில் நீலக் கட்டங்கள் வரிசையாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நிறுவனத்து ஆள் அரைமணி நேரம் பேசினார். குத்தகைக் காலம் 25 வருஷம், உள்ளூர் ஆட்களுக்குக் காவல் வேலை, புல் வெட்டும் வேலை, பேனல் கழுவும் வேலை. வட்டாட்சியர், “யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்று முதல் வரிசையைப் பார்த்துக் கேட்டார். முதல் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே சம்மதக் கடிதம் கொடுத்தவர்கள்.

அப்போதுதான் ஒரு பெரியம்மா எழுந்து முன்னால் வந்தார். பதினைந்து வயதிலிருந்து அந்த வயல்களில் நாற்றுப் பறித்து நட்டவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஃப்ளெக்ஸுக்கு அருகே போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதுல வடிகால் எங்க சார் இருக்கு?”

“அந்த ஊதாக் கோடும்மா.”

“அது பெரிய வடிகாலு. எங்க தெருவுத் தண்ணி அதுல போய் விழறதுக்கு முன்னாடி ஏழு வயல் தாண்டணும். அந்த ஏழு வயலையும்தானே நீங்க கட்டம் போட்டு வச்சிருக்கீங்க?”

அவர் விரலை வைத்தே காட்டினார். நடவு நட்டவருக்கு எந்த வயலில் கணுக்கால் அளவு, எந்த வயலில் முழங்கால் அளவு என்று காலே சொல்லும். 2021 ஜனவரியில் அறுக்கப் போகும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, கதிர் சாய்ந்து, நெல் வயலிலேயே முளைத்ததே, அந்த வாரம் எந்த வரப்பை வெட்டிவிட்டுத் தண்ணீரை இறக்கினார்கள் என்று வரப்பு வரப்பாகச் சொன்னார். புலப்படத்தில் அந்த வழி எதுவும் இல்லை. பட்டா நிலத்துக்குள் வயல் விட்டு வயல் வடிகிற தண்ணீருக்குத் தனிப் புல எண் ஏது?

கூட்டம் முழுக்க அமைதி. வட்டாட்சியர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், நிறுவனத்துப் பொறியாளரைப் பார்த்தார், அப்புறம், “நாளைக்குக் காலையில போய்ப் பாத்துடலாம்மா, நீங்களும் வாங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

மறுநாள் போனோம். பொறியாளர் சின்னப் பையன், வடக்கே எங்கோ படித்துவிட்டு வந்தவர். சேற்றைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பெரியம்மா பின்னாலேயே நடந்தார். அவர் சொன்னது எனக்குப் புதுச் செய்தி. பேனலுக்கு நிலத்தை மேடு தூக்கத் தேவையில்லை, கம்பம் மட்டும் தரையில் இறங்கும், உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே பேனல் நிற்கும். தண்ணீர் அடியில் ஓடலாம். மண் கொட்டி உயர்த்துவது இரண்டு இடத்தில்தான்: உள்ளே லாரி போகிற சாலை, மின்மாற்றி வைக்கிற இடம். அந்தச் சாலை திட்டப்படி எங்கே போகிறது என்று கேட்டார் பெரியம்மா. கையை நீட்டிக் காட்டினார் பொறியாளர். தெற்கு வடக்காக, தண்ணீர் போகிற வழிக்கு நேர் குறுக்கே. “இது வந்துச்சுன்னா கார்த்திகையில எங்க தெருவுல அடுப்பு எரியாது தம்பி” என்றார். தம்பி ஒன்றும் பேசாமல் போனில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்த பிறகு கூட்டத்தின் பதிவேட்டைப் பார்த்தேன். “பொதுமக்கள் கருத்துகள் தெரிவித்தனர். திட்டம் விளக்கப்பட்டது” என்று இரண்டு வரி. என்ன கருத்து, யார் சொன்னது, ஒன்றும் இல்லை. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. கூட்டம் முடிந்த அவசரத்தில் படிக்காமல் போட்டேன். அது என் தப்பு, இன்றுவரை உறுத்துகிறது.

உங்கள் ஊர்களில் இப்படிக் கூட்டம் நடந்திருந்தால் எழுதுங்கள். யாரைக் கேட்டார்கள், யாரை விட்டார்கள், என்ன எழுதி வைத்தார்கள்.


பட்டாதாரர், இப்போது சென்னையில்:

நான் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தவன். உங்கள் ஊர் இல்லை, ஆனால் அதே போன்ற கூட்டம். சம்மதக் கடிதமும் கொடுத்துவிட்டேன்.

என் நிலை இதுதான். அப்பாவுக்குப் பிறகு நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை. 2023ல் கர்நாடகத்திலிருந்து தண்ணீர் வராமல் குறுவை என் கண் முன்னால் காய்ந்தது. 2024ல் ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கவே இல்லை, ஜூலை கடைசிதான். உரம், ஆள்கூலி, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது என்ன என்று யாரும் கேட்பதில்லை. வருஷம் பிறந்தால் வாடகை வரும் என்று ஒருவர் சொல்லும்போது கை தானாக நீளுகிறது. என்னைப் பேராசைக்காரன் என்று எழுதிவிடாதீர்கள்.

ஆனால் வடிகாலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் வயலுக்கு மேலண்டையில் யார் வீடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவர்களைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இந்தப் பதிவைப் படித்த பிறகு இரவு தூக்கம் வரவில்லை. ஒப்பந்தம் இன்னும் பதிவாகவில்லை. இயற்கை வடிகாலை அடைக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் பேசியிருக்கிறேன்.


குத்தகை விவசாயி:

எனக்குக் கூட்டம் நடந்ததே முடிந்த பிறகுதான் தெரியும். 22 வருஷமாக உழுகிற நிலம். வாய்வழிக் குத்தகை, தாளில் ஒன்றும் இல்லை. நிலக்காரர் நல்லவர்தான், தஞ்சாவூரில் இருக்கிறார், போனில் கூப்பிட்டு, “தை அறுப்போட விட்டுடுப்பா” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால் பதில் பேச வரவில்லை.

கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. கூட்டத்துக்கு அழைக்க அவர்கள் வைத்திருந்த பட்டியல் பட்டாவிலிருந்து எடுத்தது. சாகுபடி செய்கிறவன் அந்தப் பட்டியலில் எப்படி வருவான்?


வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்:

குத்தகைத் தம்பிக்கு முதலில். 1969ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இன்னும் இருக்கிறது. சாகுபடி செய்வதற்கு ஆதாரம் இருந்தால் குத்தகைப் பதிவேட்டில் பெயர் சேர்க்க மனுக் கொடுக்கலாம். உரம் வாங்கிய ரசீது, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். 1955ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. நல்ல வக்கீல் ஒருவரைப் பாருங்கள், தாமதிக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கும் ஒன்று. நிறையப் பேர், “டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், இங்கே எதுவும் வராது” என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். 2020 சட்டத்தில் ஒரு தடைப் பட்டியல் இருக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடுவது, கப்பல் உடைப்பது போன்றவை அதில் இருக்கின்றன. சூரிய ஒளி மின்நிலையம் அதில் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் 2006 அறிவிக்கைப் பட்டியலிலும் இல்லை, ஆகவே அந்த வழியில் கட்டாயப் பொதுக் கருத்துக் கேட்பும் கிடையாது. 2013 நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு உண்டு, தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் நிலத்தை இழக்கும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும். ஆனால் அது அரசு நிலம் எடுத்தால்தான். நிறுவனம் நேராக வந்து பட்டாதாரரிடம் குத்தகை பேசினால் அந்தக் கதவும் மூடிவிடும்.

அப்போது என்ன மிச்சம்? நன்செய்யை வேறு உபயோகத்துக்கு மாற்றும்போது ஆட்சியரின் இசைவு வேண்டும். அங்கே எழுத்தில் மனுப் போகலாம். இன்னொன்று கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. அதில் பட்டா கேட்க மாட்டார்கள், ஊர் வாக்காளர் என்றால் போதும். பெரியம்மாவுக்கும் பட்டாதாரருக்கும் ஒரே எடை இருக்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே தீர்மானமாக எழுதி, நகல் கேட்டு வாங்குங்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ கோப்பு பார்த்தேன். எழுதி இணைத்த தாளுக்குத்தான் மேலே பதில் எழுதியாக வேண்டும்.

விவசாயிகளுக்கான மத்திய அரசின் சூரிய மின் திட்டம், பிஎம் குசும், அதையும் பேசுங்கள். 2019ல் வந்தது. 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை விவசாயிகளே, கூட்டாகவும், நிலையம் போட அது வழி வைத்தது. தரிசுக்கு முன்னுரிமை, சாகுபடி நிலமாக இருந்தால் உயரமான கால்களில் பேனல் வைத்து அடியில் பயிர் செய்ய வேண்டும். ஏழு வேலியை ஒரே தாக்காக அடைப்பதுதான் ஒரே வழி என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.


ஆசிரியை, மன்னார்குடிப் பக்கம்:

யாரும் சொல்லாத ஒன்று. சம்பா அறுத்த பிறகு உளுந்தும் பயறும் கிடக்கும், அதுவும் எடுத்த பிறகு ராமநாதபுரத்திலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வந்து வயலுக்கு உரமாகக் கிடை போடுவார்கள். உளுந்து பறிக்கும் கூலியில்தான் என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு ஜூனில் நோட்டுப் புத்தகம் வருகிறது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் நிலத்தின் வருமானம் என்று நெல்லை மட்டும் எழுதினார்கள். உளுந்துக்கு ஒரு பத்தி கேட்டு இரண்டு முறை எழுந்தேன். “குறித்துக்கொள்கிறோம் மேடம்” என்றார்கள். குறித்தார்களா தெரியவில்லை.


வார்டு உறுப்பினர், வெண்ணாற்றுக் கடைமடை:

எல்லாருக்கும் நன்றி. சென்னைச் சகோதரரே, உங்களைப் பேராசைக்காரர் என்று யாரும் எண்ணவில்லை. எங்கள் ஊர்ப் பட்டாதாரர்களிடமும் உங்கள் ஷரத்தைக் காட்டினேன். இரண்டு பேர் நகல் கேட்டிருக்கிறார்கள்.

பதிவேட்டு விஷயம்: ஊராட்சிச் செயலரிடம் பேசினேன். பழைய பக்கத்தைத் திருத்த முடியாது, ஆகஸ்ட் 15 கிராம சபையில் தனித் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள் என்றார். நியாயம்தான். அதற்காக மூன்று நாளாக விடியற்காலையில் வடிகால்களை நடந்து எழுதுகிறோம். பெரியம்மா முன்னால், நான் நோட்டுடன் பின்னால், எங்களோடு குத்தகை உழுகிற இரண்டு பேர். பெரிய வடிகாலில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடப்பதால் சில இடத்தில் வாய் எங்கே என்றே தெரிவதில்லை. பெரியம்மா குச்சியை விட்டு ஆழம் பார்த்துச் சொல்கிறார். பொறியாளர் தம்பி நேற்று போன் செய்து, சாலையை மேற்கு ஓரமாகத் தள்ள முடியுமா என்று மேலே கேட்டிருப்பதாகவும், தண்ணீர் தாண்டும் இடம் எத்தனை என்று தெரிந்தால் அத்தனைக்கும் குழாய்ப் பாலம் வரையலாம் என்றும் சொன்னார்.

ஃப்ளெக்ஸில் இருந்தது மூன்று. இன்று காலை வரை நோட்டில் பதினொன்று. தெற்குத் தாக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.