பெண்டிங் கோட்: ‘நிலுவைக் குறியீடு’ வேண்டாம், ‘ஐயக்குறி’ எனலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். குழுவில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> பெண்டிங் கோட் = நிலுவைக் குறியீடு. சரியா?

ஐயா, எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலுவை என்றால் கட்ட வேண்டிய பாக்கி, இல்லாவிட்டால் கோர்ட்டில் கிடக்கும் வழக்கு. பெண்டிங் கோட் என்பது காடியின் இன்ஜின் கணினி ஒரு கோளாறைச் சந்தேகித்துக் குறித்து வைக்கும் குறியீடு. அந்தச் சந்தேகம் சரிதானா என்று அடுத்த ஓட்டத்திலும் பார்க்கிறது.

போன மாதம் செந்தூலில் என் பட்டறைக்கு ஒரு காடி வந்தது. சிக்னலில் நின்றால் லேசாக உதறுகிறது என்றார் ஓட்டி வந்த அக்கா. டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறு விளக்கு எரியவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினேன். பி0302, அதுவும் பெண்டிங். இரண்டாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லையாம்.

கணினிக்கு இது எப்படித் தெரியும்? ஒவ்வொரு சிலிண்டரும் பற்றும்போது கிராங்க் தண்டுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். அந்தத் தள்ளு தவறினால் தண்டின் வேகம் ஒரு கணம் தளரும், சென்சார் அதைப் பிடித்துவிடும். ஆனால் மேடுபள்ளச் சாலையிலும் தண்டின் வேகம் தடுமாறலாம். ஒரு தடவை கண்டதை நம்பி விளக்கைப் போடாமல், குறித்து மட்டும் வைப்பது அதனால்தான். அடுத்த ஓட்டத்திலும் கண்டால் விளக்கு எரியும். (புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்டையே கெடுக்கும் அளவுக்குப் போனால் விளக்கு அப்போதே மினுக்கும், அது தனிக் கதை.)

இரண்டாம் சிலிண்டரில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, ஈப்போ சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். இப்போது பி0303, அதாவது மூன்றாம் சிலிண்டர். காயிலோடு சேர்ந்து சந்தேகமும் இடம் மாறிவிட்டது. புதுக் காயில் போட்டதும் உதறல் நின்றது.

ஆகவே பெண்டிங் கோடுக்கு ‘ஐயக்குறி’, விளக்கை எரிய வைக்கும் கோடுக்கு ‘உறுதிக்குறி’. ‘சந்தேகக்குறி’ என்றாலும் சரிதான், ஆனால் ஐயக்குறி வாயில் சட்டென்று வருகிறது.

இரண்டுக்கும் பொதுவாகப் ‘பழுதுக்குறி’ என்று யாரும் வைத்துவிடாதீர்கள். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். பழுது என்று படித்தவுடன், அதைக் கண்டு சொன்ன ஆக்சிஜன் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். பல சமயம் காற்றை உள்ளே விடுவது வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாய். ‘கோளாறுக்குறி’ என்றால் அந்த அவசரம் வராது.

அப்புறம், ஃபிரீஸ் ஃபிரேமுக்கு ‘உறைசட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கோளாறு தட்டுப்பட்ட கணத்தில் இன்ஜின் சுற்று, தண்ணீர்ச் சூடு, காடியின் வேகம் எல்லாம் எவ்வளவு என்று கணினி எடுத்து வைக்கும் பதிவு அது. ‘கணப்பதிவு’ போதாதா?