பிராக் போனவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க: ஆறு, பாலம், கேமரா, அங்க பாத்த மனுஷங்க

செக் நாட்டுத் தலைநகர் பிராக் போட்டோ நெறைய பேர் போடுறீங்க, பாக்க சந்தோஷமா இருக்கு, ஆனா முக்கால்வாசி மத்தியான வெயில்ல எடுத்தது, பாலம் முழுக்கத் தலை. ஊர் மேல குத்தமே இல்லங்க, நேரம் ஒத்துவரல, அவ்ளோதான். நான் ஜெர்மனில டிரெஸ்டன்ல வேலை பாக்குறேன், அங்கேர்ந்து எல்பே ஆத்த ஒட்டியே ரயில் வளைஞ்சு வளைஞ்சு போகும், ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல பிராக்ல எறங்கிடலாம், அதனால லீவு கெடைச்சா கேமராப் பையத் தூக்கிட்டு கெளம்பிடுவேன். அங்க சந்திச்ச ஒரு பெரியவரப் பத்தித்தான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன்.

அதுக்கு முன்னாடி சார்லஸ் பாலம் எப்படி அமைஞ்சிருக்குன்னு சொல்லிடுறேன், போட்டோ எடுக்குறவங்களுக்கு இது முக்கியம். வல்தவா ஆத்துக்குக் கெழக்க பழைய நகரம், மேற்க மேட்டு மேல கோட்டை, நடுவுல 516 மீட்டர் நீளத்துக்குப் பாலம். அப்போ காலை வெயில் நேரா கோட்டை மொகத்துல வந்து விழும், சாயந்திரம் கோட்டை பின்னாடி சூரியன் போயிடும், உங்களுக்கு வெறும் கறுப்பு உருவம்தான் கெடைக்கும். அதே காலைல நீங்க மேற்குப் பக்கம் நின்னு திரும்பிப் பாத்தீங்கன்னா பழைய நகரத்துக் கோபுர வாசல் பின்னாடி வானம் செவக்கும், ரெண்டு பக்கமும் செலைங்க வரிசையா கருப்பா நிக்கும். ஒரே எடம், ஒரே நேரம், இப்படித் திரும்பினா ஒரு படம் அப்படித் திரும்பினா ஒரு படம். இதுக்கு எந்த லென்ஸும் ஈடாகாது, சீக்கிரம் எழுந்திரிக்கணும், அதுதான் வேணும்.

ஒரு அக்டோபர் மாசம், அங்க அப்போ சூரியன் உதிக்கவே ஏழே கால், ஏழரை ஆயிடும், அதனால ரொம்ப சிரமமும் இல்ல. இருட்டோட போயிட்டேன். ஆத்துல பனி மெதந்துட்டு இருந்துச்சு, பாலத்துக்குத் தெக்க ஆத்துக்குக் குறுக்க ஒரு தடுப்பணை இருக்கு, பகல்ல ஜன சத்தத்துல அது காதுலயே விழாது, அந்த நேரத்துல தண்ணி விழுற சத்தம் மட்டும்தான். பாலத்துல விளக்கெல்லாம் எரிஞ்சிட்டு இருக்கு. அதெல்லாம் கேஸ் விளக்குங்க, 2010ல கரெண்ட்ட எடுத்துட்டு மறுபடி கேஸுக்கே மாத்தினாங்க, அந்த மஞ்சள் வேற மாதிரி இருக்கும்.

அங்க ஒரு பெரியவர் நிக்கிறாரு, எழுபத்தஞ்சு எண்பது வயசு இருக்கும், கம்பளித் தொப்பி, கழுத்துல பழைய ரெட்டைக் கண்ணு கேமரா. ஃப்ளெக்ஸாரெட்ங்க! செக் நாட்டுலயே மெயோப்டா கம்பெனி செஞ்சது, மேல மூடியத் தொறந்து குனிஞ்சு பாக்கணும். நான் போன உடனே சடசடன்னு எடுக்க ஆரம்பிச்சிட்டேன், அவரு ஒண்ணு கூட எடுக்கல, சும்மா பாத்துட்டே நிக்கிறாரு. கொஞ்ச நேரம் கழிச்சு ஜெர்மன்ல பேச்சுக் குடுத்தேன், அவருக்கும் நல்லா வந்துச்சு. "எதுக்கு ஐயா வெயிட் பண்றீங்க?"ன்னு கேட்டேன். வெளக்கக் கைகாட்டுனாரு, அப்புறம் வானத்தக் கைகாட்டுனாரு. "இப்ப வெளக்குக்குப் பலம் ஜாஸ்தி. கொஞ்ச நேரத்துல வானத்துக்குப் பலம் ஜாஸ்தி ஆயிடும். ரெண்டும் சமமா நிக்கிற நேரம் ஒண்ணு வரும், அதுக்குத்தான்"னாரு.

நிஜமாவே வந்துச்சு. வானம் கருநீலத்துலேர்ந்து நீலமா மாறி, கோட்டைக்குள்ள இருக்குற விட்டஸ் பேராலயத்தோட கோபுரம் தெளிவாத் தெரிய ஆரம்பிச்சு, வெளக்கும் மங்காம எரியிற ஒரு அஞ்சாறு நிமிஷம். அப்பத்தான் ஷட்டர அழுத்துனாரு, ஒரே ஒரு தடவ. அடுத்து கைப்பிடியச் சுத்தி ஃபிலிம நகத்திட்டு மூடிய மூடிட்டாரு. ஒரு ரோலுக்கு 12 படம்தான், அதனாலயோ என்னவோ. நான் அதுக்குள்ள நூத்துக்கு மேல எடுத்திருந்தேன், வீட்டுக்கு வந்து பாத்தா எனக்கும் அந்த அஞ்சு நிமிஷத்துப் படம்தான் நிக்குது, இன்னிக்கும் என் லேப்டாப் ஸ்கிரீன்ல அதுதான்.

அவரு கேமராவுல என்னையும் பாக்கச் சொன்னாரு. கண்ணாடித் தட்டுல பாலம் அப்படியே மெதக்குது, ஆனா வலது எடதா மாறி, ஆள் இந்தப் பக்கம் நடந்தா படத்துல அந்தப் பக்கம் நடக்குறாரு. அப்படிப் பாக்கும்போது தெரிஞ்ச எடம்ங்கிற நெனப்பே போயிடுது, வடிவம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது.

அப்புறம் நடந்துட்டே நெபோமுக் செலைக்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. பாலத்துல இருக்குற 30 செலைங்கள்ல இதுதான் ரொம்பப் பழசு, 1683ல வெச்ச வெண்கலச் செலை. 1393ல ராஜா வென்செஸ்லாஸ் காலத்துல இந்தப் பாதிரியார ஆத்துல தள்ளிக் கொன்னாங்க. பீடத்துல இருக்குற வெண்கலப் பலகைய எல்லாரும் தொட்டுத் தொட்டு, தொட்ட எடம் மட்டும் தங்கம் மாதிரி பளபளன்னு இருக்கும், அதுக்குத்தான் பகல்ல க்யூ. பெரியவர் அதோட நிறுத்தாம இன்னொரு எடத்துக்குப் போயி கைப்பிடிச் சுவத்துல பதிச்சிருந்த சின்னப் பித்தளைச் சிலுவையக் காமிச்சாரு, அதுல அஞ்சு நட்சத்திரம். அஞ்சு விரலையும் அஞ்சு நட்சத்திரத்து மேல வெச்சு வேண்டிக்கணுமாம். அவரு கையுறையக் கழட்டிட்டு வெச்சாரு, அப்புறம் நான். ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு.

போறப்ப, "ஸுடெக் படம் பாத்திருக்கியா?"ன்னு கேட்டாரு. யோசெஃப் ஸுடெக், பிராக்க இவரு மாதிரி எடுத்தவங்க யாரும் இல்லன்னு சொல்வாங்க. முதல் உலகப் போர்ல வலது கை போயிடுச்சு, ஒத்தக் கையோட அவ்ளோ பெரிய கேமராவத் தூக்கிட்டு இந்த ஊரையே எடுத்துத் தள்ளினவரு, 1976 வரைக்கும் உயிரோட இருந்தாரு. ஊயெஸ்ட் தெருவுல ஒரு வீட்டு முற்றத்துக்குள்ள அவரோட ஸ்டுடியோவ திரும்பக் கட்டி கேலரியா வெச்சிருக்காங்க, வெளியேர்ந்து பாத்தா தெரியவே தெரியாது. அன்னிக்கே போனேன். நீங்களும் போங்க, கூட்டமே இருக்காது.

* * *

அண்ணா, செமயா எழுதியிருக்கீங்க. நீங்க சொன்ன அதே கரைல நான் பாத்தத சொல்றேன். எங்களுக்கு சொந்த ஊர் தூத்துக்குடி, அம்மாவுக்கு குழந்தை இயேசு மேல அவ்ளோ பக்தி, பெங்களூர்ல அண்ணன் வீட்டுக்குப் போனா வியாழக்கிழமை விவேக்நகர் கோயிலுக்குப் போகாம இருக்க மாட்டாங்க. அந்தக் குழந்தை இயேசு பக்திக்கு மூலமே பிராக்தான்னு நம்ம ஆளுங்க நெறைய பேருக்குத் தெரியாது! கார்மெலிட்ஸ்கா தெருவுல வெற்றி அன்னை ஆலயம்னு இருக்கு, 22ஆம் நம்பர் டிராம் பக்கத்துலயே நிக்கும். 1628ல ஒரு பிரபு குடும்பத்துப் பெண்மணி கார்மேல் சபை சாமியார்களுக்குக் குடுத்த குழந்தை இயேசு சுரூபம் (சிலை), ஸ்பெயின்லேர்ந்து வந்தது, முழங்கை அளவுதான் இருக்கும், அம்மா "இம்புட்டுத்தானா!"ன்னு நின்னுட்டாங்க.

நாங்க போனது டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம்ங்கிறதால சுரூபத்துக்கு ஊதா உடுப்பு. அந்தந்தக் காலத்துக்குத் தகுந்த நெறத்துல உடுப்ப கன்னியாஸ்திரிகள் மாத்துவாங்க, மேல மாடில பல நாட்டுக்காரங்க குடுத்த உடுப்பெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க, அந்த நூல் வேலைய அம்மா ஒவ்வொண்ணா மூக்கு ஒட்டுற தூரத்துல பாத்தாங்க. நான் கேமராவத் தூக்கினேன், அம்மா "ஏட்டி, மொதல்ல சாமியக் கும்பிடு"ன்னு சொன்னதும் உள்ள வெச்சிட்டேன். அம்மா முழங்கால் போட்டு தமிழ்ல மெதுவா ஜெபம் சொல்ல, பக்கத்துல ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம் அவங்க பாஷைல சொல்லிட்டு இருந்தாங்க, முடிச்சதும் அந்தப் பாட்டி எங்கம்மா கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரு பாஷையும் பொதுவா இல்ல. பத்து நிமிஷம் கைய விடவே இல்ல. அந்தப் படம் என்கிட்ட இல்ல, வேண்டியதும் இல்லன்னு தோணுது.

சாயந்திரம் நாலு மணிக்கே இருட்டிடுச்சு. பாலத்துக்குப் போனா, அண்ணா சொன்ன கேஸ் வெளக்க திருவருகைக் காலத்துல மட்டும் ஒரு ஆள் பழைய காலத்து மேலங்கி, தொப்பி எல்லாம் போட்டுட்டு நீளக் கம்பால ஒவ்வொண்ணா ஏத்திட்டு வர்றாரு, சின்னப் பசங்க பின்னாடியே ஓடுறாங்க. கம்பு நுனி மேல போயி உள்ள ஏதோ திருப்பினதும் பொசுக்குன்னு பத்திக்குது. டிசம்பர்ல போறவங்க இத விட்டுடாதீங்க.

* * *

அந்தப் பாலத்துலேர்ந்து வடக்க அடுத்த பாலம் மானெஸ் பாலம், அதோட கெழக்கு முனைல யான் பாலாக் சதுக்கம். அங்க இருக்குறது சார்லஸ் பல்கலைக்கழகத்தோட கலைப்புலக் கட்டடம். 1968ல சோவியத் படை உள்ள வந்தத எதிர்த்து அடுத்த ஜனவரில தீக்குளிச்ச மாணவன்தான் பாலாக், இதே கலைப்புலத்துல படிச்சவன், சுவத்துல அவன் முகத்த வார்ப்பா பதிச்சிருக்காங்க. நம்ம கமில் சுவெலபில் பிராக்ல பொறந்து அங்கயே தமிழ் கத்துக்கிட்டு அங்க தமிழ் சொல்லிக்குடுத்தவரு, அந்தப் படையெடுப்புக்கு அப்புறம்தான் ஊர விட்டுக் கெளம்பி கடைசில ஹாலந்துல பேராசிரியரா இருந்தாரு. பழந்தமிழ் இலக்கியத்த ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்ன மனுஷன் ஊரு இது. எல்லாரும் அங்க நின்னு கோட்டையப் பாத்து எடுக்குறாங்க, நான் முதுகத் திருப்பி அந்தக் கட்டடத்த எடுத்தேன். படமா அது சுமார்தான், ஆனா எனக்கு அந்த ஊர்ல எடுத்ததுலயே பிடிச்சது.

புதுசா போறவங்களுக்கு ஒண்ணு. கமிஷன் 0ன்னு போர்டு வெச்ச காசு மாத்துற கடைல எங்க கூட வந்தவரு யூரோ குடுத்து செக் நாட்டுக் காசு கொருனா வாங்கினாரு, பாதிக்குப் பாதி அடிச்சிட்டான். கமிஷன் இல்ல சரி, ரேட்லயே எடுத்துடுறான். 2019லேர்ந்து சட்டம் இருக்கு, 1000 யூரோ வரைக்கும் மாத்தினா மூணு மணி நேரத்துக்குள்ள ரசீதோட போயி ரத்து பண்ணச் சொல்லலாம், திருப்பிக் குடுத்தே ஆகணும். நாங்க போயி நின்னோம், மொகத்த சுளிச்சிட்டே குடுத்தான். ரசீத தூக்கிப் போட்றாதீங்க.

அண்ணா, ஒரு கேள்வி, ஜூன்ல போனா அந்த வெளக்கு வெளிச்சம் கெடைக்குமா? குழந்தைங்களோட போறோம்.

* * *

ஜூன்ல கஷ்டம் தம்பி, அஞ்சு மணிக்கு முன்னாடியே சூரியன் வந்துடும், நாலு நாலே காலுக்கே பாலத்துல நிக்கணும், குழந்தைங்கள எழுப்ப முடியாது. அதுக்குப் பதிலா சாயந்திரம் லெட்னா பூங்காவுக்குப் போங்க, மேட்டு மேலேர்ந்து கீழ ஆறும் பாலங்களும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா அடுக்கின மாதிரி தெரியும், ஒன்பது மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும், பசங்க ஓடி வெளையாட எடமும் தாராளம். பகல்ல கோட்டைப் பக்கக் கரைல மானெஸ் பாலத்துக்கும் சார்லஸ் பாலத்துக்கும் நடுவுல தண்ணி கிட்டயே எறங்கலாம், அன்னங்க கூட்டமா வரும், கேமராவ தரையோட வெச்சு எடுத்தா முன்னாடி அன்னம், பின்னாடி பாலம். ரொட்டி போடாதீங்க, அதுங்களுக்கு நல்லதில்ல. டிராம் டிக்கெட்ட ஏறின உடனே மஞ்சப் பெட்டில குத்திடுங்க, குத்தாத டிக்கெட்டுக்கு ஃபைன் உண்டு.

அக்கா, உங்கம்மா அந்த உடுப்புங்களப் பத்திச் சொன்னத இன்னும் கொஞ்சம் எழுதுங்க, நான் அந்தக் கோயில் வாசலத் தாண்டித்தான் ஸுடெக் ஸ்டுடியோவுக்கே நடந்து போனேன், அடுத்த தடவ உள்ள போறேன்.