கறிவேப்பிலைப் பெயரில் இருக்கும் 'கோனிக்' யார்?

மாடித்தோட்டக்காரி:
போன வருஷம் ஏற்காட்டுல ஒரு கிழங்கு வாங்கிட்டு வந்து தொட்டியில வச்சேன். இஞ்சி மாதிரி தண்டு, பட்டாம்பூச்சி மாதிரி வெள்ளைப் பூ. பொழுது சாஞ்சா வாசனை மாடிப்படி வரைக்கும் இறங்கி வருது. கூடக் கொடுத்த சீட்டுல "ஹெடிகியம் கொரோனேரியம் ஜெ. கோனிக்"னு இருக்கு. பக்கத்துத் தொட்டி கறிவேப்பிலையில "முர்ரயா கோனிகியை". ரெண்டும் ஒரே ஆளா? என் பையன், "நர்சரி முதலாளி பேரா இருக்கும்மா"ங்கறான்.

கொள்ளிடத்தான்:
ஒரே ஆள்தான். எங்க ஊர்ப்பக்கம் தரங்கம்பாடியில இருந்த ஜெர்மன் டாக்டர்.

காய்ந்த இலை:
தம்பி சொன்னது சரி, ஆனா ஜெர்மனியில பிறந்தவர் இல்லை. யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1728ல் லிவோனியாவில், இன்றைய லாட்வியாப் பக்கம், ஜெர்மன் பேசுற குடும்பத்தில் பிறந்தவர். செடிகளுக்கு ரெட்டைச் சொல் பேர் வைக்கிற முறையை நிலைநாட்டின ஸ்வீடன்காரர் லின்னேயஸிடம் படித்தார். கல்லூரி ஹெர்பேரியத்தில், அதாவது உலர்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கிற இடத்தில், இருபத்திரண்டு வருஷம் செடி ஒட்டினவள் நான். இவர் பேர் வந்தாலே எனக்குக் கை நிற்கும்.

முதல்ல போனது ஐஸ்லாந்துக்கு. அங்கிருந்து அனுப்பின ஒரு பொடிச் செடிக்கு, பெரும்பாலும் கட்டைவிரல் உயரம்கூட வளராது, குரு 1767ல் 'கோனிகியா' என்று சீடன் பேரை வைத்தார். அடுத்த வருஷமே தரங்கம்பாடிக்கு வந்துட்டார், டேனிஷ்காரங்க ஊரில் மிஷன் வைத்தியர். 1771ல் நம்ம கறிவேப்பிலைக்கும் லின்னேயஸ் அவர் பேரையே வைத்தார். பனிக்காட்டுல ஒண்ணு, ரசத்துல ஒண்ணு!

ஆக, கறிவேப்பிலை அவர் பேர் வைத்த செடி இல்லை, அவர் பேரை வைத்த செடி. உங்க வெள்ளைப் பூதான் அவரே பேர் வைத்தது. கடைசியில் ஆள் பேர் தனியா நின்னா, அவர்தான் பேர் வைத்தவர். பேருக்குள்ளேயே கலந்திருந்தா, அவரைக் கௌரவிச்சு வேற யாரோ வைத்தது.

1774ல் ஆற்காடு நவாப்பிடம் வேலை. 1778ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாறி, சயாம், மலாக்கா என்று கப்பலேறினார். இஞ்சிக் கூட்டத்துச் செடிகளைப் பற்றி அவர் எழுதினதை ஸ்வீடன்காரர் ரெட்சியஸ் 1783ல் அச்சிட்டார். உங்க பூவின் பேர் அதில் வந்ததுதான். 'ஹெடிகியம்' என்றால் கிரேக்கத்தில் இனிய பனி. ஐஸ்லாந்தில் பனி பார்த்த கண்ணாச்சே என்று நானா நினைச்சுப்பேன். 'கொரோனேரியம்' மாலைக்கு ஆகிறது. கேரளத்தில் கல்யாண சௌகந்திகம் என்பார்கள்.

மாடித்தோட்டக்காரி:
அக்கா, பையன்கிட்ட காட்டிட்டேன், வாய் திறக்கல. அவர் வச்ச பேர் வேற ஏதாவது நம்ம தொட்டியில இருக்குமா?

காய்ந்த இலை:
இன்சுலின் செடின்னு விக்கறாங்களே, அதுக்குச் சொந்தம் ஒண்ணு இருக்கு. தண்டு திருகிப் போகும், வெள்ளைப் பூ, சிவப்பு மடல். லண்டன் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸைக் கௌரவிச்சு அதுக்கு 'பேங்க்ஸியா ஸ்பெசியோசா' என்று வைத்தார். பாவம், ஒரு வருஷம் முந்தி, 1782ல், லின்னேயஸ் மகன் ஆஸ்திரேலியச் செடிக்கு ஏறக்குறைய அதே பேரை வைத்து முடிச்சுட்டார். முந்தி வைத்த பேர்தான் நிற்கும், அதனால கோனிக் வைத்ததில் 'ஸ்பெசியோசா' மட்டும் தப்பிச்சுது. 1785ல் காக்கிநாடா பக்கம் ஜெகன்னாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். இன்னொரு தாவரவியல் டாக்டர் ராக்ஸ்பர்க் கூட இருந்து வைத்தியம் பார்த்தார். கைப்பிரதிகள் பேங்க்ஸுக்கே போய்ச் சேர்ந்தன.

கொள்ளிடத்தான்:
கறிவேப்பிலையை இப்ப 'பெர்கெரா கோனிகியை'ங்கறாங்களே?

காய்ந்த இலை:
லின்னேயஸ் வைத்த பழைய பேருக்கே திரும்பிட்டாங்க, அவ்வளவுதான். கோனிக் எங்கேயும் போகலை. மல்லிகைக்காரம்மா, சீட்டை மாத்தி எழுதினா பென்சில்ல எழுதுங்க, மார்க்கர் வெயில்ல வெளுத்துடும்.

மாடித்தோட்டக்காரி:
மல்லிகை இல்லக்கா, இஞ்சிப்பூ! பென்சில் எடுத்தாச்சு.