ஏழு நாளில் டெல்லி, ஜெய்ப்பூர், ஆக்ரா, லக்னோ, காசி: எங்கேயோ இடிக்கிறது, உதவுங்கள்

அவசரக்குடுக்கை (ஞாயிறு, இரவு 11:40)
வணக்கம். ஏழு நாளில் வடநாட்டுப் பழைய நகரங்களை ஆற அமரப் பார்த்துவரத் திட்டம். ஓட்டமும் நடையுமாக இருக்கக் கூடாது என்பதுதான் முதல் எண்ணமே. ஆனால் தாளில் எழுதிப் பார்த்தால் தினமும் பெட்டி கட்டிக்கொண்டே இருக்கிறோம்.

செவ்வாய், புதன் டெல்லி. வியாழன் ஜெய்ப்பூர். வெள்ளி ஆக்ரா. சனி லக்னோ. ஞாயிறு காசி. திங்கள் டெல்லிக்குத் திரும்பி, செங்கோட்டையைப் பார்த்துவிட்டு இரவு விமானம்.

எந்த ஊரில் நேரத்தைக் குறைத்தால் சரியாக வரும்? சீக்கிரம் சொன்னால் நாளைக்கே முன்பதிவு செய்துவிடுவேன்.

ரயில்பைத்தியம் (திங்கள், காலை 6:05)
எந்த மாதம்? எத்தனை பேர்? கிளம்பும் ஊரையே காணோமே. ரயிலா, விமானமா? ஊருக்கு ஊர் எதில் போவதாக உத்தேசம்?

தயிர்சாதம் (காலை 6:30)
சைவமா, அசைவமா? அதைச் சொன்னால் சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு.

கல்வெட்டுக்காரன் (காலை 7:15)
இந்தக் கேள்விக்கு இங்கே நானே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் வழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. போகட்டும்.

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இரண்டையும் சரியாக மூடிய நாளில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள், தம்பி. தற்செயலாக இது அமைவது கடினம்.

என்னைக் கேட்டால் ஐந்து ஊரையும் அடித்துவிட்டு குவாலியர் போங்கள். ஆக்ராவிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தான். கோட்டைக்கு ஏறும் வழியில் சதுர்புஜர் கோவில் என்று ஒரு சின்னக் குடைவரை இருக்கிறது. உலகத்தின் முதல் சுழியம் அங்கேதான் கல்லில் வெட்டியிருக்கிறது. தாஜ்மகால் எல்லோரும் பார்ப்பது.

பழைய டெல்லிவாசி (காலை 8:20)
தாஜ் வெள்ளியன்று மூடியிருக்கும் என்பது சரி. ஆனால் யமுனைக்கு அக்கரையில் மெஹ்தாப் பாக் தோட்டம் திறந்திருக்கும். அங்கிருந்து தாஜின் முதுகுப்பக்கம் முழுசாகத் தெரியும், கூட்டமும் குறைவு. ஆக்ரா கோட்டைக்கும் ஃபதேபூர் சிக்ரிக்கும் வெள்ளி விடுமுறை கிடையாது. அதனால் ஆக்ராவில் வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டாலும் வீணாகாது. வியாழனோ சனியோ கூடவே கையில் இருந்தால் போதும்.

மாதத்தைச் சொல்லுங்கள். அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

லக்னோ மருமகன் (காலை 9:02)
லக்னோவை மட்டும் வெட்டிவிடாதீர்கள். 1784இல் பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக நவாப் ஆசஃபுத்தௌலா கட்டத் தொடங்கிய படா இமாம்பாரா அங்கே இருக்கிறது. அந்தப் பெரிய கூடத்தில் தாங்குவதற்கு ஒரு தூண் கிடையாது, உத்தரம் கிடையாது. மேலே புல் புலையா என்ற சந்துகளுக்குள் நான் இரண்டு முறை வழி தவறியிருக்கிறேன். இரண்டாவது முறை மாமனாரோடு.

ரயில்பைத்தியம் (காலை 9:10)
சென்னையிலிருந்து என்றால் ஒன்று சொல்கிறேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் குவாலியர், ஆக்ரா வழியாகத்தான் டெல்லிக்குப் போகின்றன. ஆக்ராவைத் தாண்டி டெல்லிக்குப் போய், மறுபடி ஆக்ராவுக்கு ஏன் திரும்பி வர வேண்டும்? ஆக்ரா கண்டோன்மென்டிலேயே இறங்கிவிடுங்கள். ஒரு பயணம் மிச்சம்.

பழைய டெல்லிவாசி (காலை 9:31)
வரைபடத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. டெல்லிக்குக் காலையில் போய்ச் சேரும் வண்டி ஆக்ராவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று யோசித்தீர்களா? விடியுமுன் மூன்று, நாலு மணிக்கு. விடுதி அறை மதியம்தான் கொடுப்பான். அதுவரை நடைமேடையில் உட்கார்ந்திருப்பதா?

ரயில்பைத்தியம் (காலை 9:34)
ஓய்வறை முன்பதிவு செய்யலாமே. நான் குளிர்காலத்தில் இதார்சியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பழைய டெல்லிவாசி (காலை 9:36)
உங்களுக்கு ஆகாது.

அவசரக்குடுக்கை (மதியம் 1:15)
மன்னிக்கவும், அலுவலகத்தில் இருக்கிறேன். ஜனவரி கடைசி வாரம். சென்னை. போவது ரயிலில், இன்னும் பதியவில்லை. திரும்ப விமானம் போட்டாகிவிட்டது. மூன்று பேர். சைவம்தான். அப்புறம், தம்பி இல்லை, தங்கச்சி.

பழைய டெல்லிவாசி (மதியம் 1:40)
ஜனவரி கடைசி வாரமா? அம்மா, நல்ல வேளை இப்போதாவது சொன்னீர்கள்.

முதல் விஷயம், பனிமூட்டம். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை கங்கைச் சமவெளி முழுக்கக் காலையில் ஒன்றும் தெரியாது. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், சிலதை ரத்தே செய்துவிடுவார்கள். காலை விமானமும் அப்படித்தான். தினம் ஒரு ஊர் என்ற உங்கள் கணக்கில் ஒரு ரயில் ஆறு மணி நேரம் தாமதமானால் அன்றோடு ஒரு ஊர் போச்சு. விடியற்காலையில் தாஜ்மகால் வாசலில் நின்றுகொண்டு வெள்ளைச் சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். அது தாஜின் சுவரும் இல்லை, பனி.

இரண்டாவது, குடியரசு தினம். 26ஆம் தேதிக்கு முன் செங்கோட்டையைச் சில நாள் மூடிவிடுவார்கள். ராஜபாதைப் பக்கம் ஒத்திகை என்று சாலைகளை அடைப்பார்கள். அதாவது நீங்கள் செங்கோட்டையைத் திங்கள் இல்லாமல் புதனுக்கு மாற்றினாலும் உறுதி இல்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குத் தள்ள முடியுமா? பகல் வெயில் இதமாக இருக்கும், இரவுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

மூன்றாவது மாடி (மதியம் 2:05)
ராஜபாதை இல்லை, 2022இலிருந்து கர்த்தவ்ய பாதை.

பழைய டெல்லிவாசி (மதியம் 2:07)
ஆட்டோக்காரரிடம் நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

ரயில்பைத்தியம் (மதியம் 2:20)
பிப்ரவரி என்றால் இப்போதே பதிந்துவிடலாம், 120 நாள் முன்பே திறந்துவிடும்.

மூன்றாவது மாடி (மதியம் 2:26)
அது பழைய கதை. 2024 நவம்பர் 1லிருந்து 60 நாள்தான்.

ரயில்பைத்தியம் (மதியம் 2:31)
ஆமாம், கை பழக்கதோஷம். சரி, இன்னொன்று. மூன்று பேரும் யார், எந்த வயது? லோயர் பெர்த் ஒதுக்கீட்டுக்காகக் கேட்கிறேன்.

அவசரக்குடுக்கை (மாலை 6:50)
அப்பா 71, அம்மா 66, நான். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். அப்பாவுக்குக் கோட்டை, கல்வெட்டு எல்லாம் பிடிக்கும். அம்மாவுக்குக் காசிதான் முக்கியம், மற்ற ஊரெல்லாம் எங்களுக்காக வருகிறார்.

பழைய டெல்லிவாசி (இரவு 7:20)
இதை அல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! உங்கள் திட்டத்தில் அம்மா முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு ஒரே ஒரு நாள். அதிலும் முந்தின இரவு லக்னோவிலிருந்து வந்து, அன்றிரவே டெல்லிக்குக் கிளம்ப வேண்டும். முழங்கால் வலியோடு.

அவசரக்குடுக்கை (இரவு 7:24)
முப்பது வருடம் என்று எப்படித் தெரியும்?

பழைய டெல்லிவாசி (இரவு 7:25)
என் அம்மாவும் அப்படித்தான்.

கல்வெட்டுக்காரன் (இரவு 8:00)
அப்பாவுக்குக் கல்வெட்டு பிடிக்கும் என்றால் நான் சொன்ன குவாலியர் இன்னும் பொருத்தம். பொ.ஆ. (கி.பி.) 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கோவிலுக்குப் பூந்தோட்டம் விட்ட நிலத்தின் அளவு 270க்கு 187 முழம். தினமும் 50 மாலை. அந்த 270லும் 50லும் உள்ள சுழியம்தான் உலகிலேயே பழையது. இதைப் பார்க்காமல் வடநாடு போய்வந்தேன் என்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

மூன்றாவது மாடி (இரவு 8:12)
உலகிலேயே பழையது இல்லை. கம்போடியாவில் சக ஆண்டுக் கணக்கில் 605 என்று வெட்டிய கல் இருக்கிறது. அதாவது பொ.ஆ. 683. அதில் நடுவில் புள்ளியாகச் சுழியம். குவாலியரைவிட ஏறக்குறைய இருநூறு வருடம் மூத்தது.

கல்வெட்டுக்காரன் (இரவு 8:20)
அது புள்ளி. நான் சொல்வது வட்டம்.

மூன்றாவது மாடி (இரவு 8:22)
முதலில் "முதல் சுழியம்" என்றீர்கள். இப்போது "முதல் வட்டம்".

கல்வெட்டுக்காரன் (இரவு 8:29)
தொல்லெழுத்தியல் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

மூன்றாவது மாடி (இரவு 8:33)
படித்தவர்கள்தான் 683ஐயும் சொன்னார்கள். புள்ளியும் அதே வேலையைத்தான் செய்கிறது. நம் ஊர்ப் பழைய எண்களில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி இருந்தது. அந்த முறையில் இடம் காட்டச் சுழியம் தேவைப்படவில்லை. சுழியத்தின் வேலை என்ன என்பது அதைப் பார்த்தாலே விளங்கும். வட்டமா புள்ளியா என்பது கை எழுதும் வாகு.

தயிர்சாதம் (இரவு 8:40)
ஐயா, இருவருக்கும் வணக்கம். அந்த அம்மாவின் முழங்காலை யாராவது கவனியுங்கள்.

ரயில்பைத்தியம் (இரவு 9:15)
நான் கவனிக்கிறேன். என் ஆக்ரா யோசனையைத் திரும்பப் பெறுகிறேன், 66 வயது அம்மாவை விடியுமுன் இறக்க வேண்டாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லிக்கே போங்கள். அப்பா அம்மா இருவருக்கும் தனி டிக்கெட்டாகப் போடுங்கள். லோயர் பெர்த் ஒதுக்கீடு 60 கடந்த ஆண்களுக்கும் 45 கடந்த பெண்களுக்கும் உண்டு. ஆனால் தனியாகவோ இரண்டு பேராகவோ பதிந்தால்தான். உங்களையும் சேர்த்து ஒரே டிக்கெட்டில் போட்டால் அது கிடைக்காது.

செவ்வாய், புதன் டெல்லி. வியாழன் காலை ஹஸ்ரத் நிசாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ். ஆக்ராவுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். வெள்ளிக்கிழமை அந்த வண்டியே ஓடாது, அதுவும் தாஜின் விடுமுறைக்காகத்தான். வியாழன் மாலை தாஜ், வெள்ளி கோட்டையும் சிக்ரியும். சனி ஆக்ராவிலிருந்து காசிக்கு வந்தே பாரத். வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அது எந்த நாள் என்று பார்த்துக்கொண்டு பதியுங்கள். ஞாயிறு, திங்கள் முழுக்கக் காசி. செவ்வாய் அங்கிருந்தே திரும்புங்கள். டெல்லிக்குத் திரும்புவது என்பதையே அடித்துவிடுங்கள்.

லக்னோ மருமகன் (இரவு 9:22)
ஆக லக்னோ போச்சு.

ரயில்பைத்தியம் (இரவு 9:23)
போச்சு. ஜெய்ப்பூரும்.

பழைய டெல்லிவாசி (இரவு 10:10)
ரயில்பைத்தியம் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்காகச் சில சேர்க்கை.

டெல்லியில் செவ்வாய் மாலை ஹுமாயூன் கல்லறை மட்டும் போதும். தோட்டத்தில் அம்மா உட்காரலாம், மேடைக்கு ஏறும் படிகள் உயரம், அது நீங்களும் அப்பாவும். சாந்தினி சௌக்கில் பகலில் மோட்டார் வண்டி விடமாட்டார்கள், சைக்கிள் ரிக்‌ஷாவில் சுற்றுங்கள்.

தாஜில் வண்டி நிறுத்தத்திலிருந்து வாசல்வரை பேட்டரி வண்டி உண்டு. நுழைவு 50 ரூபாய். மேலே கல்லறைக்குள் போக இன்னும் 200. அம்மா ஏறப்போவதில்லை என்றால் அந்த 200 வேண்டாம், கீழே இருந்தே பார்க்கலாம். டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான். ஆற அமர என்பவர்களுக்கு இது முக்கியம்.

சிக்ரியில் புலந்த் தர்வாசா பக்கமாக ஏறாதீர்கள். அந்தப் படிகள் இளசுகளுக்கே மூச்சு வாங்கும். அரண்மனைப் பக்கத்து வாசல் வழியாகப் போங்கள். வழியில் "நான் அரசு வழிகாட்டி" என்று வருபவர்களிடம் அட்டையைக் கேளுங்கள்.

காசியில் அனுமன் காட், கேதார் காட் பக்கம் அறை பாருங்கள். அங்கே தமிழ் காதில் விழும். கேதார் காட்டில் குமரகுருபரர் மடம் இருக்கிறது. பாரதியார் சிறுவயதில் இருந்த வீடு அனுமன் காட்டில். அப்பாவுக்கு அதுவே போதும். கங்கை ஆரத்தியைத் தசாஸ்வமேதப் படிகளில் நின்று பார்க்க வேண்டாம், படகிலிருந்து பாருங்கள். படகில் ஏறும் இடம் எத்தனை படி கீழே என்று முதல் நாளே நீங்கள் போய்ப் பார்த்துவிடுங்கள். சந்துகளுக்குள் வண்டி வராது, அதையும் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தயிர்சாதம் (இரவு 10:30)
காசியில் காலையில் கசௌரி, ஜிலேபி. குளிர்காலத்தில் மலய்யோ என்று பால் நுரை விற்பார்கள், பிப்ரவரியில் போனால் கடைசி நாட்களில் கிடைக்கலாம். நகரத்தார் சத்திரத்தில் நம் சாப்பாடும் உண்டு, முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஆனால் ஏழு நாளும் இட்லி தேடாதீர்கள்.

கல்வெட்டுக்காரன் (இரவு 10:52)
தயிர்சாதம் என்று பெயர் வைத்துக்கொண்டு இட்லி தேடாதே என்கிறார். காலம்.

சாரநாத்தைச் சேருங்கள், காசியிலிருந்து 10 கிலோமீட்டர். அசோகரின் நான்கு சிங்கத் தூண்தலை அங்கே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, உங்களுக்குப் பிரச்சினை இல்லை. உடைந்த தூணின் அடிப்பகுதி இன்னும் நட்ட இடத்திலேயே நிற்கிறது, பிராமி எழுத்தோடு. அப்பாவைக் கூட்டிப் போங்கள். சமதரை, அம்மாவும் நடக்கலாம்.

மூன்றாவது மாடி (இரவு 11:05)
இது நல்ல யோசனை. எழுதிக்கொள்ளுங்கள்.

ரயில்பைத்தியம் (ஒன்பது நாள் கழித்து)
அவசரக்குடுக்கை, பதிந்தீர்களா? பிப்ரவரி வண்டிகள் நிறைந்துகொண்டு வருகின்றன.

லக்னோ மருமகன் (ஒரு மாதம் கழித்து)
மறைந்துவிட்டார். ஒருவேளை புல் புலையாவுக்குள் போயிருப்பார்.

அவசரக்குடுக்கை (பிப்ரவரி 23, இரவு 10:15)
மன்னிக்கவும், கடவுச்சொல் மறந்துவிட்டது. விமானத்தை மாற்றியதில் கொஞ்சம் பணம் போனது. வியாழன் தாஜ், வெள்ளி சிக்ரி, மூன்று இரவு காசி. சனியன்று வந்தே பாரத் ஒன்றரை மணி நேரம் தாமதம், மற்றபடி சரி. அம்மா படகை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார், மறுநாளும் அதே படகுக்காரரைத்தான் பிடித்தோம். சாரநாத்தில் அப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எல்லோருக்கும் நன்றி.

கல்வெட்டுக்காரன் (பிப்ரவரி 24, காலை 6:40)
தூணருகில்தானே நின்றிருந்தார்?

ரயில்பைத்தியம் (பிப்ரவரி 24, காலை 7:02)
லோயர் பெர்த் கிடைத்ததா?