மறு: 'மௌன ஓட்டம்' வேண்டாமே (நீர்மூழ்கி விளையாட்டுச் சொற்கள்)

வணக்கம். நீர்மூழ்கிக் கணினி விளையாட்டுச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பட்டியலில் இப்போது 'சைலன்ட் ரன்னிங்', அதாவது எதிரிக் காதில் விழாதபடி நீர்மூழ்கி சத்தமில்லாமல் மெதுவாகப் போவது. அதற்கு வந்த ஒரு யோசனை:

> சைலன்ட் ரன்னிங்குக்கு மௌன ஓட்டம் என்றே வைத்துவிடலாம். இதில் என்ன குழப்பம்?

குழப்பம் இருக்கிறது நண்பரே. மௌனம் என்றால் பேசத் தெரிந்தவர் பேசாமல் இருப்பது. மௌன விரதம், மௌன ஊர்வலம் எல்லாம் அப்படித்தான். நீர்மூழ்கி பேசாமல் இருந்து என்ன பயன், அதன் மோட்டாரும் பம்பும் புரொப்பல்லரும் சத்தம் போடாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். போன மடலில் அக்கா தந்த 'ஒலியடக்கம்' பொருளில் சரி. ஆனால் 150 மீட்டர் ஆழத்தில், தலைக்கு மேலே மூன்று கப்பல் சுற்றிக்கொண்டிருக்கும்போது 'அடக்கம்' என்று எழுதிய பொத்தானை அழுத்தச் சொன்னால் எனக்கு வேறு அடக்கம்தான் நினைவுக்கு வருகிறது!

இதற்கே வந்த இன்னொரு யோசனையான 'பதுங்கோட்டம்' எனக்கும் இரண்டு நாள் பிடித்திருந்தது. புணர்ச்சி சுத்தம், சொல்லவும் எளிது, ஜெர்மன் மாலுமிகள் சொன்ன 'ஷ்லைஷ்ஃபார்ட்' என்பதும் பம்மிப் பம்மிப் போவதுதான். ஆனால் சனிக்கிழமை இரவு சைலன்ட் ஹண்டர் என்ற நீர்மூழ்கி விளையாட்டின் மூன்றாம் பாகத்தை மறுபடி ஆடியதில் மனம் மாறிவிட்டது. சரக்குக் கப்பல் கூட்டத்தில் ஒன்றை அடித்துவிட்டுக் கீழே இறங்கி, சைலன்ட் ரன்னிங் போட்டு, 2 நாட் (மணிக்குக் கிட்டத்தட்ட 4 கி.மீ.) வேகத்தில் பதுங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு நேராகப் போய்க்கொண்டே இருந்தேன். காவலுக்கு வந்த டெஸ்ட்ராயர் போர்க்கப்பல், ஆஸ்டிக் என்ற ஒலியால் தேடும் கருவியை இயக்கி 'டிங்... டிங்...' என்று தேடி, என்னைப் பிடித்து, மூன்றாவது சுற்றில் முடித்துவிட்டது.

தப்பு எங்கே? எதிரிக் கப்பலின் நீருக்கடி ஒலிவாங்கியான ஹைட்ரோபோன் நம் சத்தத்தைக் கேட்கிறது. அதன் காதில் விழாமல் இருக்கத்தான் இந்த ஓட்டம். அதனால்தான் அந்தப் பொத்தானை அழுத்தியதும் விளையாட்டில் டார்பிடோ ஏற்றுவதும் பழுது பார்ப்பதும்கூட நின்றுவிடுகின்றன. ஆஸ்டிக் வேறு வகை. அது தானே ஒலியை அனுப்பி, நம் உடம்பில் பட்டுத் திரும்புவதைக் கேட்கிறது. நாம் மூச்சே விடாமல் இருந்தாலும் இரும்பு இரும்புதான். அதற்கு மருந்து அமைதி இல்லை, கோணம்: பக்கவாட்டைக் காட்டாமல் முனையையோ பின்புறத்தையோ காட்டி எதிரொலியைச் சிறிதாக்கவேண்டும். ஆக, பதுங்கல் என்ற சொல் அந்தப் பொத்தான் தராத ஒன்றையும் தருவதாகச் சொல்கிறது. புதிதாக ஆட வருபவர் என்னைப் போல நம்பிவிடுவார்.

என் முன்மொழிவு: ஓசைப்படா ஓட்டம். 'ஓசைப்படாமல் நழுவிவிட்டான்' என்று வீட்டில் சொல்கிறோமே, அதேதான். ஓசையை மட்டும் சொல்கிறது, மறைவதாக வாக்குக் கொடுக்கவில்லை. ஓட்டம் என்றால் வேகம் இல்லையா என்று கேட்பீர்கள். கப்பல் தமிழில் என்றைக்குமே ஓடித்தான் வந்திருக்கிறது, மெதுவாகப் போனாலும் ஓட்டம்தான். பொத்தானில் இடமில்லை என்றால் 'ஓசைப்படாமல்' என்று மட்டும் போட்டாலும் போதும், கட்டளை மாதிரியே ஒலிக்கும்.

இன்னொரு சொல் இல்லாமல் இது முழுமையாகாது. டெஸ்ட்ராயர் தாக்க வரும்போது வேகம் எடுக்கும், அதன் சொந்த இரைச்சலிலேயே ஹைட்ரோபோன் கெட்டுவிடும். நமக்கு நேர் மேலே நெருங்கும்போது ஆஸ்டிக்கும் நம்மை விட்டுவிடும், ஏனென்றால் இரண்டாம் உலகப் போர்க் கால ஆஸ்டிக்கின் ஒலிக்கற்றை செங்குத்தாகக் கீழே பார்க்காது. நாம் ஆழமாக இருந்தால் இன்னும் முன்னதாகவே விட்டுவிடும். அப்புறம் அது நீரில் போடும் ஆழ்வெடிகள் ஆழத்தில் வெடித்துத் தண்ணீரைக் கலக்க, சிறிது நேரம் யாருக்கும் எதுவும் கேட்காது. இந்த இடைவெளிக்கு 'குருட்டு நேரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கண் எங்கே வந்தது இதில்? பட்டாசுச் சத்தத்தில் காது அடைத்துப்போச்சு என்கிறோம், அதையே எடுத்து காதடைப்பு என்று வைப்போம்.

காதடைப்பில் ஓசைப்படா ஓட்டத்தைத் தொடர்வதுதான் பெரிய முட்டாள்தனம். கணக்கைப் பாருங்கள்: ஆழ்வெடி நொடிக்குச் சுமார் 3 மீட்டர் இறங்குகிறது, 150 மீட்டருக்கு 50 நொடி. 2 நாட் வேகத்தில் அதற்குள் 50 மீட்டர் நகர்வோம். 7 நாட் என்றால் 180 மீட்டர் (வேகம் பிடிக்கும் நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்). ஆட்டத்தில் வரும் ஜெர்மன் ஏழாம் வகை நீர்மூழ்கிக்கு நீருக்கடியில் உச்சமே ஏழரை நாட்தான், பேட்டரியும் வேகமாகத் தீரும், அதனால் முழு வேகம், சுக்கானை முழுக்கத் திருப்பு, வெடிச் சத்தம் அடங்குவதற்குள் மறுபடி ஓசைப்படாமல். இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஆட்டத்தின் உத்தியே புரிந்துவிடும்.

காதடைப்பு வராத ஆயுதம் ஒன்று உண்டு, 1942 முதல் வந்த ஹெட்ஜ்ஹாக். 24 குண்டுகளை முன்பக்கமாக வீசும், நம்மீது பட்டால்தான் வெடிக்கும். படாவிட்டால் தண்ணீர் அமைதியாகவே இருக்கும், எதிரியின் பிடியும் விடாது. இதற்குப் பட்டியலில் 'முள்ளம்பன்றி' என்று போட்டிருப்பதைத் தயவுசெய்து மாற்றுங்கள். முள்ளம்பன்றி வேறு பிராணி. ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி. நம் தென்மாவட்டப் புதர்க்காடுகளிலேயே இருக்கிற சின்ன உயிர்தான், பெயர் தயாராகவே கிடக்கிறது.

ஹைட்ரோபோனுக்கு 'நீர்ச்செவி' என்று வந்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆஸ்டிக்கை ஆஸ்டிக் என்றே விட்டுவிடலாமா, அல்லது அதற்கும் ஒன்று தேடவேண்டுமா?