இணைய வடிகட்டி போட்டிருக்கிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருக்கும் பெற்றோர்களிடம் ஒரு உதவி. எங்கள் வீட்டு பிராட்பேண்ட் ஒப்பந்தம் முடியப்போகிறது. புதிதாகச் சேரும்போதும் புதுப்பிக்கும்போதும் பிள்ளைகள் பார்க்கக் கூடாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டிச் சேவை வேண்டுமா என்று நிறுவனமே கேட்டாக வேண்டும் என்பது 2012-இலிருந்து இங்கே விதி, எடுப்பதும் விடுவதும் நம் விருப்பம். நல்ல விதிதான். ஆபாசம் போன்றவற்றை ஏற்கவில்லை என்று காட்ட, வெறும் அடையாளமாக அரசு முடக்கியிருப்பது 100 தளங்கள் அளவில்தான், மிச்சத்தை வீட்டில் நாம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஆனால் கடையில் கேட்டால் "மாதக் கட்டணம் இவ்வளவு" என்பதற்கு மேல் பதில் இல்லை. இப்படிப்பட்ட வடிகட்டிகள் பலவும் டிஎன்எஸ் அளவில்தான், அதாவது தளத்தின் பெயரைத் தேடும் இடத்தில்தான் தடுக்கின்றன, அதனால் பையன் ஒரு இலவச விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் செயலி) போட்டாலோ உலாவியில் டிஎன்எஸ்-ஐ மாற்றினாலோ தாண்டிவிடலாம், மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வீட்டு வடிகட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்: தமிழில் இருக்கும் ஆபாசத் தளங்களைப் பிடிக்கிறதா, இல்லை ஆங்கிலத்தில் இருப்பதை மட்டும்தானா? பருவ வயது பற்றிய மருத்துவப் பக்கங்களையும் சேர்த்து முடக்கிவிடுகிறதா? மகளுக்குப் பன்னிரண்டு வயது, அவள் படிக்க வேண்டியதை மறைத்துவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை. தவறாக முடக்கிய தளத்தை நாமே திறக்க முடியுமா என்பதும் தெரிய வேண்டும். அப்புறம், ரவுட்டரிலேயே அமைத்துக்கொண்டவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.